லாண்ட்லார்ட் ஏலின் சுவையை வீட்டு கிட்டில் கொண்டுவர முடியுமா?

கால்வாய்க்கரை (ரெடிங்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

யார்க்‌ஷயரில் பிங்லி என்ற ஊரில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரயில் ஏறிக் கீத்லிக்குப் போய்விடுவேன். ஆங்கில எழுத்தைப் (Keighley) பார்த்து வேறு எப்படியோ படிப்பவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் வாயில் அது கீத்லிதான். அங்கே போல்ட்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ் என்றொரு சின்னஞ்சிறிய பப். டிமோத்தி டெய்லர் மதுவாலையின் லாண்ட்லார்ட் என்ற ஏல் வகை பீரை அங்கே குடித்ததைப் போல வேறெங்கும் நான் குடித்ததில்லை. கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளியது போன்ற மணம். வாயில் வைத்தால் பிஸ்கட் சுவையுடைய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி). விழுங்கிய பிறகு, வெந்தயத்தை மென்றபின் மெல்ல மெல்ல விலகுமே, அப்படியொரு கசப்பு.

போன ஆண்டு வேலை மாறி ரெடிங்குக்கு வந்துவிட்டேன். இங்கும் சில பப்களில் லாண்ட்லார்ட் கிடைக்கிறது. ஆனால் அது என் லாண்ட்லார்டாக இல்லை. கடையில் விற்கும் புட்டியும் அப்படித்தான். அதனால் வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று 40 பைன்ட் பிட்டர் (கசப்பு ஏல்) கிட் ஒன்று வாங்கினேன். செய்தது இவ்வளவுதான்: 1.7 கிலோ டின்னில் இருந்த மால்ட் பாகு, அட்டையில் சொன்னபடி 1 கிலோ வெள்ளைச் சர்க்கரை, குழாய்த் தண்ணீர், எல்லாம் சேர்த்து 23 லிட்டர். டின் மூடிக்கு அடியில் இருந்த ஈஸ்ட்டைத் தூவினேன். குளிர்காலம் என்பதால் இட்லி மாவை எப்போதும் வைக்கும் பாய்லர் அலமாரியிலேயே வாளியையும் வைத்தேன். மாவு அங்கேதான் ஒழுங்காகப் புளிக்கும். இதுவும் புளிப்பதுதானே என்று நினைத்தேன். மூன்றே நாளில் நுரை அடங்கிவிட்டது. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் முதல் நாள் 1.040, கடைசியில் 1.008. ஆறாம் நாள் புட்டியில் அடைத்தேன், புட்டிக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை.

கணக்குப்படி சாராயம் 4.2 சதவீதம். லாண்ட்லார்டும் ஏறக்குறைய அதே அளவு. எண் சரியாக வந்தது, சுவை வரவில்லை. கனிந்த வாழைப்பழ வாடை, பச்சை ஆப்பிள் போன்ற ஒரு வெட்டு, வாயில் கனமில்லாமல் நீர்த்துப்போன உடம்பு, சோடா போலப் பொங்கும் வாயு. எல்லாவற்றுக்கும் பின்னால், புண் கழுவும் மருந்தை நினைவூட்டும் ஏதோ ஒன்று. நாற்பத்து நான்கு புட்டிகளில் ஐந்தைத் திறந்து பார்த்துவிட்டேன், எல்லாம் ஒன்றுதான்.

எனக்குத் தெரிய வேண்டியவை: கிட்டை வைத்துக்கொண்டு அந்தச் சுவையை எட்ட வழி உண்டா, அல்லது பார்லியிலிருந்து தொடங்கினால்தான் ஆகுமா? அசல் செய்முறை யாரிடமாவது இருக்கிறதா? கடையில் வாங்கும் லாண்ட்லார்ட் புட்டியின் அடியிலிருந்து ஈஸ்ட்டை எடுத்து வளர்க்கலாமா?

---

மால்ட் மணம் (லெஸ்டர்) எழுதியது:

முதல் குற்றவாளி சர்க்கரை. ஒரு கிலோ சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். சாராயம் சேரும், உடம்பு சேராது. அதே ஒரு கிலோவுக்கு வெளிர்நிற உலர் மால்ட் பொடியைப் போடுங்கள். விலை கூடும். ஆனால் வாயில் நிற்கும் கனம் மால்ட்டில் மட்டுமே கிடைக்கும்.

மருந்து வாடை தண்ணீரிலிருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். மிக மிகச் சிறிய அளவே போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன், அந்த வாடை எனக்கு நன்றாகப் பழக்கம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் குளோரின் போகும். குளோரமின் கலந்திருந்தால் அவ்வளவு எளிதில் போகாது. கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரையில் பாதியை நசுக்கி 23 லிட்டரில் கலக்குங்கள். சில நிமிடங்களில் இரண்டுமே அடங்கிவிடும். அதன் பிறகு டின்னைத் திறங்கள்.

---

பழைய பீப்பாய் (பிராட்ஃபர்ட்) எழுதியது:

தம்பி, கீத்லியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக வீட்டில் காய்ச்சுகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் நானும் லாண்ட்லார்டின் பின்னால்தான் அலைந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சகோதரி சொன்னதில் தண்ணீர் விஷயம் முழுக்கச் சரி. சர்க்கரை விஷயம் பாதி சரி. உடம்பு இளைத்ததற்குச் சர்க்கரை காரணம். ஆனால் வாழைப்பழத்துக்கும் பச்சை ஆப்பிளுக்கும் காரணம் உங்கள் பாய்லர் அலமாரி. இட்லி மாவில் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா. அதற்கு நம் ஊர் வெக்கை பிடிக்கும். ஏல் ஈஸ்ட்டுக்கு அந்த வெக்கை ஆகாது. அந்த அலமாரி 26, 27 டிகிரி இருக்கும். நொதிக்கும்போது வாளிக்குள் தானாகவே இன்னும் சில டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, பழ வாடை தரும் வேண்டாத எஸ்டர்களையெல்லாம் கக்கிவிடும். பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட்டுக்கு அவகாசம் கொடுத்திருந்தால் அதுவே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஆறாம் நாளே அடைத்துவிட்டீர்கள்.

இனி செய்முறை. ரகசியம் என்று பெரிதாக எதுவும் இல்லை, மதுவாலையே வெளிப்படையாகச் சொல்கிறது. மால்ட் கோல்டன் பிராமிஸ் என்ற ஒரே பார்லி. கசப்பும் மணமும் தரும் ஹாப் பூக்கள் வூஸ்டர்ஷயர் ஃபகிள், கென்ட் கோல்டிங், ஸ்டிரியன் கோல்டிங். தண்ணீர் அவர்கள் இடத்திலேயே ஊறும் நோல் ஸ்பிரிங் ஊற்று. 1858இல் கீத்லியின் வேறொரு தெருவில் தொழில் தொடங்கியவர்கள் 1863இல் இந்த ஊற்றுக்காகவே இடம் மாறினார்கள். மணற்பாறைகளின் வழியாக வடிந்து வரும் மென்மையான தண்ணீர் அது.

கோல்டன் பிராமிஸ் பற்றி ஒரு வார்த்தை. நம் வயல்களில் ஐ.ஆர்.8 நெல் வந்த அதே 1960களில் ஸ்காட்லாந்தில் வந்த குட்டைத் தாள் பார்லி இது. காற்றில் சாயாது. பிறகு விளைச்சல் கூடிய ரகங்கள் வந்ததும் பெரும்பாலோர் இதைக் கைவிட்டார்கள். டெய்லர் கைவிடவில்லை. நீங்கள் சொல்லும் அந்த பிஸ்கட் சுவை இந்தப் பார்லியினுடையது.

ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான்கு ஆண்டுகள் எனக்கு எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் ஹாப் அளவை மாற்றினேன். கருக்கிய மால்ட் சேர்த்தேன், எடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் பதினோரு செய்முறைகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது முறை எதையும் மாற்றாமல், ஒரே வோர்ட்டை (நொதிக்கும் முன்னுள்ள மால்ட் சாறு) இரண்டு வாளிகளில் பாதிப் பாதியாக ஊற்றினேன். ஒன்றில் கிட்டோடு வந்த ஈஸ்ட், மற்றதில் வையீஸ்ட் நிறுவனத்தின் 1469 என்ற ஈஸ்ட். அதன் பெயரே மேற்கு யார்க்‌ஷயர் ஏல். கீத்லியிலிருந்து போன இனம் என்று வீட்டில் காய்ச்சுவோர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பாக்கெட்டில் அப்படி எழுதியிருக்காது. இரண்டும் ஒரே அறை, 19 டிகிரி. ஆறு வாரம் கழித்து இரண்டு கிளாஸில் ஊற்றி, அடியில் குறி ஒட்டி, என் மனைவியிடம் கொடுத்தேன். அவர் மது தொடமாட்டார், ஆனால் மிளகு ரசத்தில் ஒரு பல் பூண்டு குறைந்தால்கூட வாசலிலிருந்தே சொல்லிவிடுவார். முதல் கிளாஸை முகர்ந்துவிட்டு, “தானியம் ஊறிய தண்ணீர்” என்றார். இரண்டாவதை முகர்ந்தவர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு, “இதில் பழம் இருக்கிறது, பாதாம் தோல் இருக்கிறது, நீங்கள் கீத்லியிலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும் வாசனை இது” என்றார். அன்றோடு ஹாப் கணக்குப் பார்ப்பதை நிறுத்தினேன்.

ஆகவே கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் டின்னில் இருப்பதும் பார்லி மால்ட்தான். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள்.

டின் வாங்கும்போது கருமையான பிட்டர் வேண்டாம், வெளிர்நிற ஏல் கிட் எடுங்கள். லாண்ட்லார்ட் தேன் நிறம். டின்னோடு 1 கிலோ வெளிர் மால்ட் பொடி. இது போக, உடைத்த கோல்டன் பிராமிஸ் மால்ட் அரை கிலோ தனியாக வாங்குங்கள், ஹோம்புரூ கடைகளில் கிடைக்கும். கஞ்சிக்கு நொய் உடைப்பார்களே, அந்தப் பதம். மாவாக இருக்கக் கூடாது. மெல்லிய துணிப்பையில் கட்டி, இரண்டு லிட்டர் வெந்நீரில் 65 டிகிரியில் முக்கி, பாத்திரத்தைத் துண்டால் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம். 75 டிகிரியைத் தாண்டினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கரண்டி எடுத்து ருசித்துப் பாருங்கள். முளைகட்டிய கேழ்வரகுப் பால் போல இனிக்கும். இனித்தால் வேலை முடிந்தது. பையைத் தூக்கி வடியவிடுங்கள், கசக்கிப் பிழிய வேண்டாம்.

வடிந்ததைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். சூடு 80 டிகிரிக்கு இறங்கியதும் ஸ்டிரியன் கோல்டிங் ஹாப் 30 கிராம் போட்டு மூடிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து வடிகட்டி வாளியில் ஊற்றலாம். கிட்டில் கசப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஹாப்பைக் கொதிக்கவைத்தால் இன்னும் கசக்கும், நமக்கு வேண்டிய மணமோ ஆவியோடு போய்விடும். அந்த ஆரஞ்சுத் தோல் மணம் இந்த ஹாப்பிலிருந்து வருவது. பெயரில் கோல்டிங் இருந்தாலும் அது ஸ்லோவேனியா மண்ணில் வேரூன்றிய ஃபகிள்தான். மண் மாறினால் மணம் மாறுகிறது.

எல்லாம் சேர்ந்து 23 லிட்டருக்கு 1.042 வரவேண்டும். 1469 பாக்கெட்டுக்குள் இன்னொரு சிறு பை இருக்கும். அது உடையும் வரை உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, அறைச் சூட்டில் வைத்தால் சில மணி நேரத்தில் பாக்கெட் அப்பளம் போல உப்பும். பிறகு ஊற்றுங்கள். எச்சரிக்கை: இந்த ஈஸ்ட் மேலே ஏறும் ஜாதி. தடித்த நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வாளியில் ஒரு சாண் இடம் விடுங்கள்.

வாளியைப் பாய்லர் அலமாரியில் வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ந்த அறையில், துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் வையுங்கள். 18 முதல் 20 டிகிரி. ஏறினால் ஐஸ் புட்டி ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் போடுங்கள். பன்னிரண்டு நாளாவது தொடாதீர்கள். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் அடைக்கலாம். அது பாதுகாப்புக்கும் அவசியம். முடியாத ஏலை அடைத்தால் புட்டி வெடிக்கும்.

புட்டிச் சர்க்கரை: ஒரு தேக்கரண்டி வீதம் போட்டதால்தான் சோடா ஆனது. மீதியிருக்கும் புட்டிகளைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, கண்ணுக்கு மறைப்புக் கொடுத்துத் திறங்கள். அடுத்த முறை மொத்த 23 லிட்டருக்கும் 75 கிராம் போதும். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் காலி வாளியில் ஊற்றி, அதன் மேல் ஏலை மெதுவாக இறக்கிப் பிறகு அடையுங்கள்.

கடைசிக் கேள்வி, புட்டியிலிருந்து ஈஸ்ட். முடியாது. கடையில் வருவது வடிகட்டிய ஏல், அடியில் எதுவும் உயிரோடு இல்லை. பீப்பாய் ஏல் 4.3, புட்டி 4.1 என்று அளவிலும் சிறு வேறுபாடு உண்டு. பீப்பாய் ஏலுக்காக இயங்கும் காம்ரா அமைப்பின் பிரிட்டனின் சிறந்த பீர் பட்டத்தை லாண்ட்லார்ட் 1982, 1983, 1994, 1999 என்று நான்கு முறை வென்றது. நான்கும் பீப்பாயில் உயிரோடு இருந்த ஏலுக்குக் கிடைத்தவை. உங்கள் நினைவில் இருப்பது அந்த ஏல். அதையே இலக்காக வையுங்கள், புட்டியோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

---

மால்ட் மணம் எழுதியது:

பாய்லர் அலமாரி விளக்கத்தைப் படித்தபின் என் முதல் வரியைத் திருத்திக்கொள்கிறேன். சூடுதான் முதல் குற்றவாளி, சர்க்கரை இரண்டாவது.

ரெடிங் தண்ணீர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அங்கே கெட்டிலுக்குள் வெள்ளைப் படலம் கட்டும், பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு. கீத்லி ஊற்றுக்கு நேர் எதிர். டின் பாகு ஏற்கெனவே ஊறவைத்துக் காய்ச்சி இறுக்கப்பட்டது, அதனால் கிட்டில் தண்ணீரின் கடினம் பெரிய கேடு செய்யாது. ஆனால் ஐயா சொன்ன அரை கிலோ மால்ட்டை ஊறவைக்கும் அந்த இரண்டு லிட்டருக்காவது மென்தண்ணீர் எடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் உமியின் துவர்ப்பு இறங்கும், கசப்பும் கரடாகும். சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து லிட்டர் கேனில் தாது குறைந்த தண்ணீர் விற்கிறார்கள், லேபிளில் பைகார்பனேட் எண்ணைப் பார்த்து மிகக் குறைவானதை வாங்குங்கள். அல்லது குழாய்த் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலிருப்பதை மட்டும் சாய்த்து எடுங்கள்.

---

நொய்யல் (கோயம்புத்தூர்) எழுதியது:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே இப்படி வீட்டில் செய்யலாமா?

---

பழைய பீப்பாய் எழுதியது:

வேண்டாம், தம்பி. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் காய்ச்சவும் உரிமம் வேண்டியிருந்தது. அதன்பின் சொந்த உபயோகத்துக்குத் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. இந்த இழையில் நான் எழுதியவை இந்த ஊருக்கு மட்டும்.

---

கால்வாய்க்கரை எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஒரு சந்தேகம். பாட்டிலிலிருந்து ஊற்றினால் கீத்லி பப்பில் நிற்கும் அந்த வெண்ணெய் போன்ற நுரை வருமா? ரெடிங் பப்பில் அது இல்லாததுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

---

பழைய பீப்பாய் எழுதியது:

நல்ல கேள்வி. உங்கள் நாக்கு ரெடிங்கில் ஏமாந்ததற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். வடக்கே கைப்பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்ற சிறு குமிழ் மாட்டுவார்கள். நுண்ணிய துளைகள் வழியாக ஏல் பீய்ச்சி வரும்போது அதில் கரைந்திருக்கும் வாயு நுரையாகப் பிரிந்து மேலே நிற்கும், ஏல் வாயில் வழுவழுப்பாக இருக்கும். தெற்கே பெரும்பாலும் அதை மாட்டுவதில்லை. இன்னொன்று, லாண்ட்லார்ட் துள்ளும் சுபாவமுள்ள பீப்பாய். நிலவறையில் சில நாள் அமைதியாகக் கிடந்தால்தான் அதன் சுவை திறக்கும். அவசரப்பட்டு ஊற்றும் பப்பில் அது பச்சையாகவே கிளாஸுக்கு வந்துவிடும்.

வீட்டில் கைப்பம்ப் இல்லாதவர்கள் செய்யும் வழி ஒன்று உண்டு. மருந்துக் கடையில் குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் ஊசியில்லாத சிரிஞ்சு கிடைக்கும். ஏலைக் கிளாஸில் ஊற்றி, சிரிஞ்சு நிறைய உறிஞ்சி, முனையை ஏலுக்குள் முக்கி ஒரே அழுத்தாகப் பீய்ச்சுங்கள். இரண்டு முறை போதும். குடிக்கும் சூடு 12 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் நீங்கள் பட்ட பாடெல்லாம் குளிரில் மறைந்துவிடும்.

---

கால்வாய்க்கரை எழுதியது (ஏழு வாரங்களுக்குப் பின்):

தகவல் சொல்ல வந்தேன்.

தொடக்கம் 1.042, முடிவு 1.011. ஏறக்குறைய 4.1. நொதித்தது பதினாறு நாள். நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் ‘டப்’ என்று சத்தம். போய்ப் பார்த்தால் மூடி ஒரு பக்கம் எழும்பி, பழுப்பு நுரை வாளியின் தோளில் வழிந்து தொட்டித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அந்த நுரையின் மணம் அறை முழுதும். அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கால்வாய்ப் பாதையில் நடந்து பப் கதவைத் தள்ளும்போது முகத்தில் படுமே, அந்தக் காற்று. அந்த நேரத்திலேயே வாளியைத் துடைத்துவிட்டு, உறங்கப் போகாமல் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் புட்டியை மூன்று வாரம் முடியும் முன் திறந்துவிட்டேன். அப்போது கொஞ்சம் கூராக இருந்தது, ஏமாற்றம். ஐயா எழுதிய பொறுமை நினைவுக்கு வர, மீதியைக் கராஜில் வைத்துப் பூட்டினேன். நேற்று இரண்டாவது. கிளாஸில் ஊற்றியபோது மேலே மெல்லிய நுரை வளையம் மட்டும். சிரிஞ்சை உறிஞ்சி முக்கிப் பீய்ச்சினேன். கிளாஸ் முழுதும் ஒரு கணம் பால் போலக் கலங்கியது. பிறகு அடியிலிருந்து தெளியத் தொடங்கியது. கீழே தேன் நிறம் தெளிந்து மேலேற, வெண்மை மேலே ஒதுங்கி ஒரு விரற்கடைப் பருமனில் நின்றது. கடைசி வாய் வரை கிளாஸின் உள்சுவரில் நுரை வட்டம் வட்டமாகப் படிந்துகொண்டே வந்தது. கீத்லியில் அந்த வட்டங்களை எண்ணி எத்தனை வாய் குடித்தேன் என்று கணக்குச் சொல்வேன்.

வாழைப்பழம் இல்லை. மருந்து வாடை இல்லை. பிஸ்கட் சுவை இருக்கிறது. கசப்பு இருக்கிறது, மெல்லத்தான் விலகுகிறது. ஆரஞ்சுத் தோல் மட்டும் நினைவில் இருக்கும் அளவு இல்லை. இருக்கிறது, ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறது. பக்கத்தில் கடைப் புட்டி ஒன்றையும் திறந்துவைத்துப் பார்த்தேன். எனக்கு என் வாளியிலிருந்து வந்தது பிடித்திருக்கிறது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

வாளியின் அடியில் கிடந்த ஈஸ்ட்டைக் கொதிநீரில் சுத்தம் செய்த ஜாடியில் எடுத்து, ஃபிரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஸ்டிரியன் ஹாப்பை 30 கிராமிலிருந்து 45 ஆக உயர்த்தலாமா, அல்லது நொதித்து முடியும் தறுவாயில் 20 கிராமை நேராக வாளியில் போடலாமா?

---

பழைய பீப்பாய் எழுதியது:

தம்பி, படித்து முடித்ததும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இரவு இரண்டு மணிக்கு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்த பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

45 கிராம் போடுங்கள், அதே 80 டிகிரியில். வாளியில் நேராகப் போட்டால் மணம் தூக்கலாக வரும், ஆனால் பச்சைப் புல் வாடையும் கூடவே வரும். லாண்ட்லார்டில் அது இல்லை. ஜாடி ஈஸ்ட்டை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். ஊற்றும் முன் முகர்ந்து பாருங்கள். ரொட்டி மணம் இருந்தால் நல்லது. புளித்த மோர் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

ஜாடியை மட்டும் தோசை மாவுக்குப் பக்கத்திலிருந்து வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாவில் இருக்கும் பாக்டீரியா ஒரு துளி உள்ளே போனாலும் ஏல் புளித்துவிடும்.